குழந்தைகளின் இரக்கக் குணத்துக்குத் தாயை மட்டும் கேட்பது முறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருந்தார். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கால் இடறி விழுந்த மூதாட்டி ஒருவரைத் தூக்கிவிடாமல் சிறுவர்கள் சிலர் சுற்றி நின்று சிரித்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி எனக்கும் வேதனை அளித்தது. ஆனால் கடிதத்தின் பிற்பகுதியில் அதற்குக் காரணமாக அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. தாய்மார்கள் காலையில் பனியன் கம்பெனி வண்டியில் ஏறிப் போய் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளுக்கு இரக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. இதுவே அவருடைய வாதம். பல்லடம் பகுதியில் 30 ஆண்டுகளுக்கு மேல் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபடியே அஞ்சல் வழியில் உளவியல் படித்தேன். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை நாள்தோறும் பார்த்தும், அவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களோடும் அழைத்துப் போகிறவர்களோடும் பேசியும் தெரிந்துகொண்டதை, படித்தறிந்தவற்றோடு சேர்த்து எழுத விரும்புகிறேன்.

முதலில் தாய்மார் வேலைக்குப் போவதைப் பற்றி. கொங்கு நாட்டில் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து பிள்ளை வளர்த்த காலம் என்று ஒன்று, நிலமும் வசதியும் மிகுந்த சில குடும்பங்கள் நீங்கலாக, இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பருத்தி எடுக்கப் போனார், கடலைக்காய் பறிக்கப் போனார், மஞ்சள் வேகவைக்கும் காலத்தில் பொழுது விடியும் முன்பே தோட்டத்துக்குப் போனார். தறிவீட்டுப் பெண்கள் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே தார் சுற்றியதை நானே பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனியும் நூற்பாலையும் வந்த பிறகு வேலை செய்யும் இடம்தான் மாறியது. தாய்மார் வேலை பார்ப்பதால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்பதை ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 69 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் ஆராய்ந்தார்கள். சில விதிவிலக்குகளைத் தவிர, குழந்தையின் தொடக்க ஆண்டுகளில் தாய் வேலைக்குப் போவதற்கும் பிற்காலப் படிப்புக் குறைவுக்கும் நடத்தைக் கோளாறுகளுக்கும் பொதுவாகத் தொடர்பு இல்லை என்றே அவர்கள் கண்டார்கள். அந்த ஆய்வு இரக்கத்தைத் தனியாக அளந்ததன்று. நம் ஊர்க் குடும்பங்களைப் பற்றியதும் அன்று. ஆயினும், தாய் வேலைக்குப் போனதே குற்றம் என்று இவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதை உணர்த்த அது போதும்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்ற பழமொழி நம்மிடம் உண்டு. நெசவு நடக்கும் இந்த மண்ணில் அந்தச் சொல்லை எல்லோரும் வாய் நிறையச் சொல்கிறோம். ஆனால் நீளவாட்டில் ஓடும் பாவு மட்டும் இருந்தால் சேலை ஆகாது, குறுக்கே ஊடையும் ஓட வேண்டும் என்பது தறி ஓட்டுகிறவருக்குத் தெரியும். என் பணிக்காலம் முழுவதும், குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்தாலோ தள்ளிவிட்டாலோ, வீட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர் தாய்தான். நானும் தாயைத்தான் அழைத்தேன். தந்தையைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணமே பல ஆண்டுகள் எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை தவறு செய்யும்போது பெற்றோர் எப்படித் திருத்துகிறார்கள் என்பதைப் பற்றிச் சில ஆய்வுகள் தெளிவாகப் பேசுகின்றன. 1967இல் மார்ட்டின் ஹாஃப்மனும் ஹெர்பர்ட் சால்ட்ஸ்டைனும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். அடித்தும் மிரட்டியும் அதிகாரத்தைக் காட்டியும் திருத்திய தாய்மாரின் பிள்ளைகளைவிட, உன் செயலால் மற்றவருக்கு என்ன நேர்ந்தது என்று எடுத்துச் சொல்லித் திருத்திய தாய்மாரின் பிள்ளைகளிடம் அறவுணர்வு மேம்பட்டிருந்தது. 1979இல் கரோலின் ஜான்-வாக்ஸ்லரும் அவருடைய உடனாய்வாளர்களும், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளின் தாய்மாருக்குப் பயிற்சி அளித்து, வீட்டில் யாராவது அழும்போதும் வலியால் துடிக்கும்போதும் குழந்தை என்ன செய்கிறது என்பதை அவர்களையே குறித்துவரச் செய்தார்கள். குழந்தை பிறரை நோகடித்தபோது, அந்த நோவை உணர்ச்சியோடு எடுத்துக் காட்டிய தாய்மாரின் குழந்தைகளே பிறகு ஆறுதல் சொல்லவும் செய்ததைச் சரிசெய்யவும் முன்வந்தன. காரணம் சொல்லாமல் செய்யாதே, விடு என்று அதட்டியது அப்படிப் பலன் தரவில்லை. விளக்கத்தைச் சுரத்தில்லாமல் ஒப்பித்தாலும் போதாது. சொல்கிறவரின் குரலிலும் முகத்திலும் அந்த வருத்தம் தெரிய வேண்டும்.

இதைப் படித்தபோது நான் செய்துவந்த ஒரு தவறு எனக்கு விளங்கியது. தள்ளிவிட்ட குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "சாரி சொல்லு" என்று நிற்கவைப்பேன். அதுவும் சொல்லும். சொல்லி முடித்த அடுத்த நொடியே ஓடிப்போய் வேறொரு குழந்தையைத் தள்ளும். சாரி என்ற சொல், அழுகிற குழந்தையைத் திரும்பிப் பாராமலேயே அங்கிருந்து தப்பிக்கும் வழியாக அதற்குப் பயன்பட்டது. பிறகு முறையை மாற்றினேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங் கண்ணு, நீ தள்ளுனதுல பாப்பாவுக்கு முட்டி சிராய்ச்சுப் போச்சு பாரு, எப்படி அழுவுது பாரு, நாம என்ன பண்ணலாம்?" என்று கேட்பேன். எல்லாக் குழந்தைகளும் உடனே மாறிவிடவில்லை. ஆனால் எட்டிப் பார்க்கிற, காயத்தை ஊதிவிடுகிற, தன் கையிலிருந்த பொம்மையைக் கொண்டுபோய் நீட்டுகிற குழந்தைகள் மெல்லக் கூடினார்கள். சாரி என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை.

இனித் தந்தையின் பங்குக்கு வருகிறேன். இங்கே ஆய்வுகள் சொல்வதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே குறிப்பிட்ட 1967ஆம் ஆண்டு ஆய்வில், தந்தையார் கண்டிக்கும் முறைக்கும் பிள்ளையின் அறவுணர்வுக்கும் இடையே தொடர்பு அதிகம் தென்படவில்லை. இதை எடுத்துக்காட்டி, அப்பாக்கள் எப்படி இருந்தாலும் பாதகமில்லை என்று வாதிடுவார் இருக்கலாம். ஆனால் அங்கே கேட்கப்பட்டது எப்படிக் கண்டிக்கிறார் என்பது. எவ்வளவு நேரம் கூட இருக்கிறார், யார் குளிப்பாட்டுகிறார், யார் சோறு ஊட்டுகிறார் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தருவது 1990இல் ரிச்சர்ட் கோஸ்ட்னரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதிகளில் ஐந்து வயதுக் குழந்தைகளின் தாய்மாரிடம் 1950களின் தொடக்கத்தில் நீண்ட நேர்காணல்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை 26 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்களுக்கு 31 வயதானபோது, மீண்டும் சந்தித்து, பிறர் துன்பத்தைக் கண்டு உருகும் இயல்பு அவர்களிடம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று அளந்தார்கள். ஐந்து வயதில் அவர்களுடைய வீட்டு வளர்ப்பில் கணக்கிட்ட கூறுகளுள், பிற்கால இரக்கத்தோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக இருந்தது, குழந்தையைக் கவனிக்கும் அன்றாட வேலைகளில் தந்தை எந்த அளவு ஈடுபட்டார் என்பதே. தாயின் பங்கும் அதில் இருந்தது. தன்னைச் சார்ந்து நிற்கும் குழந்தையிடம் பொறுமை காட்டிய, பிறரைத் தாக்கும் போக்கை வளரவிடாத, தாய்மைப் பணியில் மனநிறைவு கொண்டிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடமும் இரக்கம் கூடியிருந்தது.

அது ஒரே பகுதியைச் சேர்ந்த, எண்ணிக்கையில் அதிகம் இல்லாதவர்களைப் பற்றிய ஆய்வு. நம் நாட்டில் நடந்ததும் அன்று. தந்தை கூட இருந்ததால்தான் இரக்கம் வந்தது என்றும் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பிள்ளை வளர்ப்பில் கைகொடுக்கும் ஆண் இயல்பிலேயே பிறரை நினைப்பவராக இருந்து, அந்த இயல்பைப் பிள்ளையும் கொண்டு பிறந்திருக்கலாம். இத்தனையையும் கழித்த பிறகும், என் மையத்தின் வாசலில் நான் கண்டவற்றோடு அந்த முடிவு ஒத்துப்போவதால், அதை எளிதில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

விசைத்தறியில் இரவு ஷிப்ட் ஓட்டும் ஒரு தந்தை எங்கள் மையத்துக்குத் தன் மகளை அழைத்துவருவார். தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை; காலையிலேயே கம்பெனி வண்டி வந்துவிடும். தறிச்சத்தம் காதில் அடங்காமலே வீட்டுக்கு வந்து, பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, சடை பின்னி, தோசை ஊட்டி, டிவிஎஸ் 50 வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிவருவார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். வாசலில் வேறொரு குழந்தை அழுதுகொண்டிருந்தால் பேசாமல் தாண்டிப் போக மாட்டார். "ஏன் சாமி அழுவுற?" என்று குனிந்து கேட்டுவிட்டு, தன் மகளிடம், "அவங்கம்மா போயிட்டாங்கன்னு அழுவுது கண்ணு, நீ கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறயா?" என்பார். அந்தப் பெண் குழந்தைக்கு அப்போது மூன்றரை வயது. சில மாதங்களில், அவர் இல்லாத நேரத்திலும், புதிதாகச் சேர்ந்து அழுகிற குழந்தைகளின் கையைப் பிடிக்க அவளாகவே எழுந்து போனாள். தாய் வேலைக்குப் போகும் வீடுதான் அதுவும். ஒரு குழந்தையை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது. ஆனால் அந்த அன்பரின் கடிதத்தைப் படித்த கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் இந்தத் தந்தையும் மகளும்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதை எழுதத் தயங்கியே இந்தக் கடிதத்தை இரண்டு நாள்கள் தள்ளிப்போட்டேன். கொங்குத் தமிழின் மரியாதையை நாம் பெருமையாகப் பேசுகிறோம். வாங்க, போங்க, சொல்லுங்க என்று பச்சைக் குழந்தையைக்கூட விளிக்கும் ஊர் நம்முடையது. அந்த "ங்க" யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைக் குழந்தை எங்கே கற்றுக்கொள்கிறது? பண்ணையத்தில் காலமெல்லாம் உழைத்த எழுபது வயது முதியவரை, அவர் பேத்தி வயதுகூட ஆகாத குழந்தை பெயர் சொல்லி, வா, போ என்று ஒருமையில் அழைப்பதை நான் கேட்டிருக்கிறேன். அப்பாரும் (தாத்தாவும்) அப்பாவும் அழைக்கும் விதத்தையே அது அப்படியே சொன்னது. சாதி இன்னதென்று அந்தக் குழந்தைக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. ஒரு விகுதியை விட்டுவிடுவதன் மூலமே அது கற்பிக்கப்பட்டுவிட்டது. தூய்மைப் பணியாளரிடமும் இதே பேச்சு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் கம்பெனிகளுக்கு உழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் மையத்தில் சேர்ந்தபோது, பக்கத்தில் உட்கார மறுத்த குழந்தைகளும் தட்டை நகர்த்தி இடம் கொடுத்த குழந்தைகளும் இருந்தார்கள். மறுத்த மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் இருப்பவர்கள்தாம் யோசிக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைக்கு இரக்கம் இல்லை என்று நாம் சொல்லும்போது, யாரிடம் இல்லை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உறவுக்காரர் வீட்டுக் குழந்தை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கும் அதே பிள்ளை, தெரியாத மூதாட்டி விழுந்தால் நின்று பார்க்கிறது. தேர்க்கூட்டத்தில் அந்தச் சிறுவர்களின் தந்தையரும் எங்கோ அருகில்தான் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் முன்னே வந்து அந்த மூதாட்டியை, "எந்திரீங்க ஆத்தா, அடி பட்டிருச்சுங்களா?" என்று கேட்டுத் தூக்கியிருந்தால், அந்தச் சிறுவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

பரிசு கொடுத்து நல்ல குணத்தை வளர்க்கலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள், தங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் கைதவறிப் போட்ட பொருளை, யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களே 2008இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 20 மாதக் குழந்தைகளைப் பார்த்தபோது, உதவியதற்காக விளையாட்டுப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, பரிசே பெறாதவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். என் மகன் சிறுவனாக இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தண்ணீர்க் குடம் எடுத்துவைத்தால் காசு தருவேன் என்று நான் பழக்கினேன். அதற்கு முன்பு கேட்காமலே எடுத்துவைத்தவன், பிறகு காசு எங்கே என்று கேட்கத் தொடங்கினான். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது அது. இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வீட்டு வேலையும் இதில் சேரும். 1975இல் பியாட்ரிஸ் வைட்டிங்கும் ஜான் வைட்டிங்கும் ஆறு நாட்டுக் குழந்தைகளைப் பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் குடும்பத்துக்குத் தேவையான வேலைகளைச் செய்யவும் பழகியிருந்த கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் சிற்றூர்க் குழந்தைகள், அமெரிக்கச் சிறுநகரக் குழந்தைகளைவிடப் பிறருக்கு அதிகம் உதவினார்கள். அந்த வரிசையில் வட இந்தியக் கிராமக் குழந்தைகளும் பின்தங்கியே இருந்தார்கள். பிள்ளை படிக்கட்டும் என்று தட்டைக்கூடக் கழுவ விடாமல் வளர்க்கும் நம் வீடுகளை எண்ணிப் பார்க்கிறேன். ஆட்டுக்குத் தழை போடுவதும், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் படிப்பைக் கெடுக்காது. பள்ளியை விட்டு நிறுத்தி வேலைக்கு அனுப்பிய பழைய கொடுமையை நான் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டா.

எல்லாமே வளர்ப்புதான் என்று சொல்லிப் பெற்றோர் மீது பழியைக் கூட்டுவதும் என் நோக்கம் அன்று. ஏரியல் நாஃபோவும் ராபர்ட் பிளோமினும் பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, பிறருக்கு உதவும் இயல்பில் பிள்ளைகளிடையே காணப்படும் வேறுபாட்டுக்குப் பிறவிக் கூறுகளின் பங்கு வயது ஏற ஏறக் கூடுகிறது. ஒரே வீட்டில் வளர்வதன் பங்கு இரண்டு வயதில் கூடுதலாகவும் ஏழு வயதுக்குள் வெகுவாகக் குறைந்தும் காணப்படுகிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இருவேறு விதமாக இருப்பதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது புதிய செய்தி அன்று. என்னைப் போன்றவர்கள் இதில் கவனிக்க வேண்டியது, வீட்டின் கை ஓங்கியிருக்கும் காலம் பால்வாடிக்கு வரும் அந்தச் சின்ன வயது என்பதே. தந்தையர் பலர், பிள்ளை பெரியவன் ஆகட்டும், அப்போது நல்லது கெட்டது சொல்லிக்கொள்கிறேன் என்கிறார்கள். அது காலம் தாழ்ந்த முடிவு.

இத்தனை எழுதிய பிறகு, தந்தையரைக் குற்றவாளிகளாக நிறுத்திவிட்டேன் என்று தோன்றினால் அதுவும் நியாயமாகாது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒருவர் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிப்போயிருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் கடன் தவணைக்கும் ஓடும் வாழ்க்கையில், சடை பின்னிவிட எங்கே நேரம் என்று அவர் கேட்டால் அதில் உண்மை இருக்கிறது. அதே ஒன்றரை ஷிப்டை முடித்துவந்து சமைத்து, துவைத்து, ஊட்டும் பெண்ணுக்கும் நேரம் இல்லை என்பதை மட்டும் அவர் மறந்துவிடக் கூடாது. எனவே என் வேண்டுகோள்கள், அந்தத் தந்தைக்குச் சிறிதளவு நேரத்தைத் தர வல்லவர்களை நோக்கியவை. பள்ளிகளும் அங்கன்வாடி மையங்களும் பெற்றோர் கூட்டத்தை வேலை நாளின் பகற்பொழுதில் வைத்தால் தந்தையர் வர மாட்டார்கள்; மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வைத்தால் வருவார்கள். அழைப்பில் தந்தையும் வர வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும். தொழில் நிறுவன உரிமையாளர்கள், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள ஆண் தொழிலாளர்களை வாரத்தில் ஒரு நாளாவது மாலை ஐந்தரை மணி ஷிப்டோடு வீட்டுக்கு அனுப்பலாம். ஆர்டர் அனுப்ப வேண்டிய அவசர காலம் எனக்குத் தெரியும். அது எல்லா வாரமும் இருப்பதில்லை.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எங்கள் மையத்தில் நடத்தினேன். ஒன்பது தந்தையர் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவர், பிள்ளை அடம்பிடித்தால் அடிப்பதைத் தவிர என்ன செய்வது என்று தமக்கு உண்மையிலேயே தெரியாது, தம் அப்பாவும் அதைத்தான் செய்தார் என்று சொன்னார். அதன்பின் எல்லோரும் பேசினார்கள். மதியம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. திருப்பூர், கோவை, ஈரோடு மாவட்டங்களில் எந்த மையமோ பள்ளியோ இப்படி ஒரு கூட்டம் நடத்த முன்வந்தால், அங்கு வரும் தந்தையரோடு உட்கார்ந்து பேச நான் என் சொந்தச் செலவில் வந்துசேர்வேன். வாசகர் கடிதம் எழுதிய அந்த அன்பரும் உடன் வருவதானால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.